பிளாஸ்திரி ஒட்டக் கூடாத தோல்

எங்கள் தோல் வார்டில் சில கட்டில்களின் தலைமாட்டில் கையால் எழுதிய அட்டை ஒன்று தொங்கும்: "பிளாஸ்திரி ஒட்டாதீர்கள். இழுத்துத் தூக்காதீர்கள்." பெம்ஃபிகஸ் என்ற, தோல் கொப்புளித்து உரியும் நோய் வந்தவர்களின் கட்டில்கள் அவை. வேறு வார்டிலிருந்து நைட் டியூட்டிக்கு வரும் நர்ஸ், மருந்து ஏற்ற நரம்பில் போடும் வென்ஃப்ளான் ஊசியை வழக்கம்போல் பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிட்டால், அதைப் பிரிக்கும்போது தோலும் கூடவே உரிந்து வரும். நாங்கள் காஸ் துணியை இரண்டு சுற்று சுற்றி, அதன் மேல்தான் பிளாஸ்திரி போடுவோம். பி.பி. பார்க்கும் பட்டையையும் பஞ்சு வைத்த துணிக்கு மேல்தான் கட்டுவோம்.

போஸ்டிங் வரும் நர்ஸிங் மாணவிகளிடம் அந்த அட்டையைக் காட்டி ஏன் என்று கேட்பேன். "தோல் வீக்கா இருக்கும் மேடம்" என்பார்கள். பாதி சரி. தோல் எந்த இடத்தில், எதனால் விட்டுப்போகிறது என்பது மீதிப் பாதி. டெஸ்மோக்ளீன் என்ற புரதமும், அதைப் பிடித்து நிறுத்தும் கால்சியமும் அதில்தான் வருகின்றன. இதெல்லாம் டாக்டர்களுக்கான பாடம், நமக்கெதற்கு என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் புரதத்தைப் புரிந்துகொண்ட பெண்ணுக்கு, இந்த நோயாளியை எப்படித் தொட வேண்டும் என்று யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நம் மேல்தோல் அடுக்கடுக்கான செல்களால் ஆனது. ஒரு செல்லும் பக்கத்துச் செல்லும் சந்திக்கும் இடத்தில் டெஸ்மோசோம் என்ற இறுக்கமான பிடிப்புகள் இருக்கின்றன. இந்தப் பக்கச் செல்லிலிருந்து வெளியே நீளும் டெஸ்மோக்ளீனும், அந்தப் பக்கத்திலிருந்து வரும் டெஸ்மோகாலினும் நடுவில் சேர்ந்து பற்றிக்கொள்கின்றன. இரண்டுமே காடெரின் என்ற பெரிய புரதக் குடும்பத்தைச் சேர்ந்தவை. செல்லுக்கு வெளியே நீளும் பகுதி ஐந்து கண்ணிகளாக இருக்கும். கண்ணிகளுக்கு இடையே கால்சியம் அயனிகள் உட்கார்ந்திருக்கும்வரைதான் அந்தப் புரதம் விறைப்பாக நீண்டு நின்று எதிரில் வருவதைப் பிடிக்கும். கால்சியத்தை எடுத்துவிட்டால் தொய்ந்துவிடும், பிடி விட்டுப்போகும்.

இந்தக் குடும்பத்தைக் கண்டுபிடித்த கதையை எங்கள் வார்டில் பி.ஜி. படித்துக்கொண்டிருந்த டாக்டர் ஒருவர் சொன்னார். அப்புறம் நானே தேடிப் படித்தேன். மசாதோஷி தாகேய்ச்சி என்ற ஜப்பானியர் கியோட்டோவில் செல்களைத் தனித்தனியாகப் பிரித்து, அவை மறுபடி ஒன்றோடொன்று சேர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தவர். 1970களில் அமெரிக்காவில் பால்டிமோரில் இருக்கும் கார்னகி ஆய்வகத்துக்குப் போய் அதே சோதனையைச் செய்தால் செல்கள் ஒட்டவே இல்லை. காரணத்தைத் துருவிப் பார்த்தார். செல்களைப் பிரிக்க அந்த ஆய்வகத்தில் பயன்படுத்திய, புரதத்தை வெட்டும் ட்ரிப்ஸின் கரைசலில் ஈ.டி.டி.ஏ. கலந்திருந்தது. கால்சியத்தை இழுத்துக்கொள்ளும் பொருள் அது. கால்சியம் இருந்தால் ட்ரிப்ஸினால் வெட்ட முடியாத ஒரு ஒட்டும் புரதம், கால்சியம் போனதும் வெட்டுப்பட்டுக் காணாமல் போகிறது என்று புரிந்தது. 1977ல் அதை எழுதினார். 1984ல் அந்தப் புரதத்துக்குக் காடெரின் என்று பெயர் வைத்தார்கள். இதே ஈ.டி.டி.ஏ.தான் ரத்த அணுக்களை எண்ணும் சி.பி.சி. சோதனைக்கு நாம் ரத்தம் எடுக்கும் ஊதா மூடி டியூபில் இருக்கிறது. ரத்தம் உறையவும் கால்சியம் வேண்டும், அதை இழுத்துக்கொண்டால் உறையாது. மாணவிகளுக்கு அந்த டியூபைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் இந்தக் கதையைத் தொடங்குவேன்.

சரி, பெம்ஃபிகஸுக்கு வருவோம்.

கொஞ்ச நாள் முன்பு தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்து அட்மிட் ஆனார். பீடி சுற்றுபவர். அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காக மற்ற விவரங்களை மாற்றியிருக்கிறேன். மாதக்கணக்கில் வாய்ப்புண். உள்கன்னத்திலும் ஈறிலும் தோல் வழன்று சிவந்து கிடந்தது. குரல் கம்மியிருந்தது. "ரசத்தண்ணி பட்டாக்கூடத் தீயா எரியுது சிஸ்டர், ஒண்ணும் எறங்க மாட்டேங்கு" என்றார். அதுவரை போன இடங்களிலெல்லாம் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையும் வாய்ப்புண் ஜெல்லும்தான் கொடுத்திருக்கிறார்கள். பிறகு நெஞ்சிலும் முதுகிலும் தொளதொளவென்று கொப்புளம் வந்து, தொட்டதும் உடைந்து, தோல் வழன்ற இடம் பரவிக்கொண்டே போயிருக்கிறது. அம்மை என்று நினைத்து வாசலில் வேப்பிலை கட்டி, தனி அறையில் படுக்க வைத்திருக்கிறார்கள். பேரனைப் பக்கத்தில் விடவில்லை. அந்த அம்மாவுக்குப் புண்ணைவிட அதுதான் பெரிய வலியாக இருந்தது.

நோய் ஏன் வாயில் தொடங்குகிறது, ஏன் மாதங்கள் கழித்து உடம்புக்கு வருகிறது? இதற்கு டெஸ்மோக்ளீனிலேயே பதில் இருக்கிறது. எனக்கு இந்த நோயில் மிகவும் பிடித்த பகுதி இது. டெஸ்மோக்ளீனில் வகைகள் உண்டு. இங்கே முக்கியமானவை ஒன்றாம் வகையும் மூன்றாம் வகையும். வாயின் உள்தோலில் செல்களைப் பிடித்திருக்கும் வேலையைப் பெரும்பாலும் மூன்றாம் வகைதான் செய்கிறது. உடம்புத் தோலிலோ இரண்டும் இருக்கின்றன: ஒன்றாம் வகை மேலடுக்குகளில் அதிகம், மூன்றாம் வகை கீழடுக்குகளில் அதிகம். உடம்பின் எதிர்ப்புச் சக்தி தடம் மாறி மூன்றாம் வகைக்கு எதிராக மட்டும் ஆன்டிபாடி (கிருமியைப் பிடிக்க உடம்பு செய்யும் புரதம்) தயாரித்தால், தோலில் ஒன்றாம் வகை சமாளித்துக்கொள்ளும். வாயில் சமாளிக்க ஆளில்லை. அதனால் வாய் மட்டும் புண்ணாகும். பிறகு ஒன்றாம் வகைக்கும் ஆன்டிபாடி வந்துவிட்டால் உடம்பிலும் கொப்புளம் கிளம்பும். இது பெம்ஃபிகஸ் வல்காரிஸ். ஒன்றாம் வகைக்கு எதிராக மட்டும் ஆன்டிபாடி இருந்தால் பெம்ஃபிகஸ் ஃபோலியேசியஸ்: நெஞ்சிலும் முகத்திலும் தலையிலும் மேலாகச் செதில் செதிலாக உரியும், வாய் சுத்தமாக இருக்கும். ரவுண்ட்ஸில் டாக்டர் முதலில் டார்ச் அடித்து வாயைப் பார்ப்பது எந்த வகை என்று கணிக்கவும் உதவுகிறது.

பச்சைக் குழந்தையின் தோலில் இந்தக் கணக்கு மாறிவிடும். அங்கே மூன்றாம் வகை மேலடுக்குவரை பரவியிருக்கிறது. அதனால் ஃபோலியேசியஸ் உள்ள தாயின் ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போனாலும், பெரும்பாலும் குழந்தைக்கு ஒன்றும் ஆவதில்லை. வல்காரிஸ் உள்ள தாய்க்குப் பிறக்கும் குழந்தைக்குச் சில சமயம் கொப்புளம் வரும். தாயிடமிருந்து வந்த ஆன்டிபாடி தீரத் தீர அதுவும் தானாக அடங்கிவிடும். கர்ப்பமாக இருக்கும் நோயாளிகளிடம் இதை உட்கார்ந்து விளக்கினால் அவர்கள் முகத்திலேயே ஒரு தெளிவு வரும்.

பெம்ஃபிகஸ் நோயாளிகளின் ரத்தத்தில் தோல் செல்களுக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கிறது என்று 1964ல் பியூட்னர், ஜோர்டன் என்ற ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். அது பிடிப்பது எதை என்பது, அமகாய், ஸ்டான்லி என்ற ஆராய்ச்சியாளர்கள் 1991ல் அந்தப் புரதத்தின் ஜீனைப் பிரித்தெடுத்தபோது தெளிவானது. பார்த்தால் காடெரின் குடும்பம். நோயாளிகளின் ஆன்டிபாடிகளில் பல, கால்சியம் பிடித்து நிறுத்தியிருக்கும் வடிவத்தில் இருந்தால்தான் டெஸ்மோக்ளீனை அடையாளம் காண்கின்றன. கால்சியம் இல்லாமல் தொய்ந்த புரதத்தை அவை கண்டுகொள்வதில்லை.

இங்கேதான் எல்லாக் குடும்பத்தாரும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள். அந்த அம்மாவின் மகளும் கேட்டாள்: "அப்ப கால்சியம் கம்மியானதாலயாக்கா இது? பால் நெறைய குடுக்கவா?" இல்லை. ரத்தத்தில் கால்சியம் டெசிலிட்டருக்கு 8.5 முதல் 10.5 மில்லிகிராம்வரை என்று உடம்பு கண்டிப்பாகக் காத்துவருகிறது. இந்த நோயாளிகளின் ரிப்போர்ட்டிலும் பொதுவாக அது சரியாகவே இருக்கும். செல்லுக்கு வெளியே இருக்கும் கால்சியம் உள்ளே இருப்பதைப்போல் சுமார் 10,000 மடங்கு. டெஸ்மோக்ளீனுக்குப் பஞ்சமே கிடையாது. கோளாறு ஆன்டிபாடியில். அது புரதம் பற்றிக்கொள்ளும் முனையிலேயே போய் உட்கார்ந்து தடுக்கிறது, செல்லையும் உசுப்பிவிட்டு டெஸ்மோக்ளீனை உள்ளே இழுத்துக்கொள்ள வைக்கிறது. நாங்கள் கால்சியம் மாத்திரையும் வைட்டமின் டி-யும் கொடுப்பது உண்மைதான். அது இந்த நோய்க்குக் கொடுக்கும் ஸ்டீராய்டு எலும்பை அரிக்காமல் இருப்பதற்காக. பால் குடிக்கட்டும், நல்லது. ஆறவைத்துக் குடிக்க வேண்டும்.

நோயை உறுதிசெய்யும் பயாப்ஸியில் நர்ஸின் கவனம் ரொம்ப முக்கியம். இரண்டு துண்டு எடுப்பார்கள். புதுக் கொப்புளத்திலிருந்து எடுப்பது ஃபார்மலின் பாட்டிலுக்குப் போகும். கொப்புளத்துக்குப் பக்கத்து நல்ல தோலிலிருந்து எடுப்பது, ஆன்டிபாடியை ஒளிர வைத்துப் பார்க்கும் இம்யூனோஃப்ளூரசன்ஸ் சோதனைக்கு. அது மைக்கேல்ஸ் மீடியம் பாட்டிலுக்குப் போக வேண்டும். அதைத் தவறிப்போய் ஃபார்மலினில் போட்டால் சோதனையே வீண், அந்த உடம்பில் மறுபடி ஒரு காயம் போட வேண்டும். லேபிளை முதலில் ஒட்டிவிட்டுத்தான் தட்டையே எடுத்துவைக்கச் சொல்வேன். ரிசல்ட் படத்தை ஒருமுறை மைக்ராஸ்கோப்பில் எனக்குக் காட்டினார்கள். கறுப்புப் பின்னணியில் ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் பச்சையாக ஒளிரும் கோடு, மொத்தமும் மீன் வலை விரித்த மாதிரி. அந்தக் கோடு அத்தனையும் டெஸ்மோக்ளீன்மேல் உட்கார்ந்திருக்கும் ஆன்டிபாடி. அன்றைக்கு அந்த அம்மாவைக் கட்டிலில் திருப்பிப் படுக்க வைத்தபோது என் கை இன்னும் மெதுவாகியது.

கை வைக்கும் விதத்தைச் சொல்கிறேன். நல்லதாகத் தெரியும் தோலை விரலால் அழுத்தித் தள்ளினால்கூட மேலடுக்கு வழுக்கிக்கொண்டு வரும். நிக்கோல்ஸ்கி அறிகுறி என்பார்கள். டாக்டர் அதை ஒரே ஒரு இடத்தில் பார்ப்பார். நாம் அக்குளில் கைகொடுத்து இழுத்துத் தூக்கினால் உடம்பு முழுக்க அதையே செய்கிறோம். அதனால் ஆளை இழுக்கவே கூடாது. விரிப்போடு சேர்த்து, நாலு பேர் நாலு முனையில் பிடித்துத் தூக்க வேண்டும். கழுவும்போது தேய்க்கக் கூடாது, தண்ணீரை ஊற்ற வேண்டும். துடைக்கக் கூடாது, ஒற்ற வேண்டும்.

விரிப்பும் ஒரு பிரச்சினை. தோல் வழன்ற முதுகில் பருத்தித் துணி ஒட்டிக்கொள்ளும். காலையில் பிரித்தால் ரத்தம் வரும். இதற்கு எங்களிடம் இருக்கும் நல்ல மருந்து வாழையிலை. இளசான இலையாகப் பார்த்து வாங்கி, நடுநரம்பைச் சீவி எடுத்துவிட்டு, நன்றாகக் கழுவி, ஸ்டெரிலைஸ் செய்து, ஆறியதும் விரிப்பின் மேல் ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறினாற்போல் பரப்புவோம். இலையின் மெழுகுப் பூச்சு புண்ணில் ஒட்டாது, குளிர்ச்சியாக இருக்கும், நீர் கசிந்தாலும் ஊறாது. வாடியதும் மாற்றிவிட வேண்டும். தீக்காய வார்டுகளிலும் இதைப் பயன்படுத்துகிறார்கள். விலை கூடிய ஒட்டாத டிரெஸ்ஸிங் இல்லாத ஆஸ்பத்திரிக்காக ஏதோ சமாளிப்பு என்று சிலர் பேசுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வலியில்லாமல் ஒரு இரவு தூங்கி எழுந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

இந்த நோயில் தோல் எவ்வளவு உரிந்தாலும் ஆறியபின் தழும்பு இருக்காது, கருத்த அடையாளம் மட்டும் கொஞ்ச நாள் நிற்கும். காரணம், மேல்தோலின் அடிவரிசைச் செல்கள் கீழே இருக்கும் சவ்வோடு வேறு வகைப் புரதங்களால் பிடிக்கப்பட்டிருக்கின்றன. அந்தப் பிடிப்பில் டெஸ்மோக்ளீனுக்கு வேலை இல்லை. மேலே எல்லாம் கழன்றாலும் அந்த வரிசை அப்படியே நிற்கும். புதுத் தோல் அங்கிருந்துதான் வளரும். கண்ணாடி பார்க்க மறுக்கும் பெண்களிடம் நான் உறுதியாகச் சொல்லக்கூடிய வார்த்தை இது.

ஸ்டீராய்டு வருவதற்கு முன் இந்த நோய் வந்தவர்களில் பெரும்பாலானோர் பிழைக்கவில்லை. நீரும் புரதமும் கசிந்து, கிருமி புகுந்து இறந்தார்கள். 1980களின் தொடக்கத்தில் டெல்லி எய்ம்ஸில் பஸ்ரிச்சா என்ற தோல் மருத்துவர் ஆரம்பித்த பல்ஸ் சிகிச்சைதான் நம் நாட்டில் இதன் போக்கை மாற்றியது. 100 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டை 500 மில்லி குளுக்கோஸில் கலந்து, இரண்டு மணி நேரத்தில் மெதுவாக, தொடர்ந்து மூன்று நாள் ஏற்றுவது. அதில் ஒரு நாள், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் சைக்ளோஃபாஸ்ஃபமைடும் 500 மில்லிகிராம் சேரும். 28 நாளுக்கு ஒருமுறை இதே சுற்று, நடுவில் தினமும் 50 மில்லிகிராம் சைக்ளோஃபாஸ்ஃபமைடு மாத்திரை. பல்ஸ் நாட்களில் சர்க்கரை ஏறும், முகம் சிவக்கும், சிலருக்கு விக்கல் பிடித்துக்கொண்டு விடவே விடாது. சைக்ளோஃபாஸ்ஃபமைடு நாளில் தண்ணீரை நிறையக் குடிக்க வைக்க வேண்டும். சிறுநீர் சிவப்பாகப் போனால் உடனே சொல்லச் சொல்ல வேண்டும். இனி குழந்தை பெற வேண்டிய வயதில் இருப்பவர்களுக்கு அந்த மருந்தைத் தவிர்த்துவிட்டு வேறு கொடுப்பார்கள். ஆகவே திருமணம், குழந்தை பற்றி வெட்கப்படாமல் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

இப்போது ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்து வந்திருக்கிறது. ஆன்டிபாடி தயாரிக்கப் போகும் பி செல்களைக் குறிவைப்பது. பிரான்ஸில் 90 பேரிடம் நடந்து 2017ல் வெளியான ஆய்வில், ரிட்டுக்ஸிமாபும் குறுகிய கால ஸ்டீராய்டும் பெற்றவர்களில் 89 சதவீதம் பேர் இரண்டு வருட முடிவில் எந்த மருந்தும் இல்லாமல் முழுசாகத் தேறியிருந்தார்கள்; ஸ்டீராய்டு மட்டும் பெற்றவர்களில் 34 சதவீதம்தான். அடுத்த வருடமே அமெரிக்காவில் இந்த நோய்க்கு அனுமதி கிடைத்தது. அந்த அம்மாவுக்கும் நெஞ்சு எக்ஸ்-ரே, மஞ்சள் காமாலைக் கிருமிக்கான பரிசோதனை எல்லாம் முடித்து, 15 நாள் இடைவெளியில் இரண்டு டோஸ் கொடுத்தோம். இன்னும் நுணுக்கமாக, டெஸ்மோக்ளீன் மூன்றையே தூண்டிலாக, மற்ற செல்களைக் கொல்லும் வெள்ளணுவான டி செல்லின் மேல் வைத்து, அதைத் தேடிவரும் தவறான பி செல்லை மட்டும் கொல்லும் முறையை 2016ல் அமெரிக்காவில் எலிகளில் செய்து காட்டினார்கள். அது மனிதர்களுக்குக் கைகூடும் நாளை நான் ஆவலோடு எதிர்பார்க்கிறேன்.

இதே புரதத்தை வெட்டும் ஒரு கிருமியும் உண்டு. குழந்தைகள் வார்டிலிருந்து சில சமயம் அவசரமாகக் கூப்பிடுவார்கள்: காய்ச்சலோடு வந்த குழந்தைக்கு வெந்நீர் பட்டதுபோல் தோல் உரிகிறது என்று. ஸ்டஃபைலோகாக்கஸ் வெளியிடும் நச்சு டெஸ்மோக்ளீன் ஒன்றை மட்டும், குறிப்பிட்ட ஒரே இடத்தில் வெட்டுகிறது. அதற்கும் கால்சியம் வேண்டும். கால்சியம் இல்லாத டெஸ்மோக்ளீனை அந்த நச்சினால் வெட்ட முடியாது. மூன்றாம் வகையை அது தொடாததால் வாய் தப்பித்துவிடும். ஆன்டிபயாட்டிக்கும் நல்ல பராமரிப்பும் கிடைத்தால் பெரும்பாலான குழந்தைகள் சீக்கிரமே தேறிவிடுவார்கள்.

காடெரின் குடும்பத்தின் மற்ற பிள்ளைகளைப் பற்றி எழுதினால் பதிவு நீண்டுவிடும். நியூசிலாந்தில் ஒரு மாவோரி குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக வந்த வயிற்றுப் புற்றுநோய்க்கு ஈ-காடெரின் ஜீனில் இருந்த மாற்றம்தான் காரணம் என்று 1998ல் கண்டுபிடித்தார்கள். காதுக்குள் ஒலியை உணரும் நுண்மயிர்களின் நுனியைப் பிணைத்திருப்பதும் காடெரின்கள்தான். அந்த ஜீன் பழுதானால் பிறவியிலேயே காது கேட்காமல் போகலாம்.

எங்கள் வேலைக்குத் திரும்புகிறேன். டிஸ்சார்ஜ் அன்று அந்த அம்மாவையும் மகளையும் சேர்த்து உட்கார வைத்துச் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன், வேறு யாருக்காவது உதவும். இது தொற்றாது, பேரனைத் தூக்கிக் கொஞ்சலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம். முறுக்கு, அப்பளம் மாதிரி குத்துகிற பண்டம் கொஞ்ச காலத்துக்கு வேண்டாம். சோற்றைக் குழைத்து, காரமில்லாமல். பல் தேய்க்கக் குழந்தைகளுக்கான மெல்லிய பிரஷ். ஸ்டீராய்டு மாத்திரையைப் புண் ஆறிவிட்டதென்று நீங்களாக நிறுத்தக் கூடாது. வாயில் மறுபடி ஒரு சின்னப் புண் வந்து இரண்டு வாரத்தில் ஆறவில்லை என்றால் ஜெல் வாங்கப் போகாமல் இங்கே வாருங்கள். காய்ச்சல் அடித்தால் அன்றைக்கே வாருங்கள். ஓ.பி. வரிசையில் நிற்க வேண்டாம், நேரே வார்டுக்கு வந்து என் பெயரைச் சொல்லுங்கள்.